ஊரில் ஒரு டெவலப்பர் குழு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மென்பொருள் எழுதுகிறவர்கள் சொந்த ஊரிலேயே மாதம் ஒரு முறை கூடி, பேசி, ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளும் குழுக்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

சென்னை கம்பெனி வேலையை திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். என்னைப் போல இன்னும் இரண்டு பேரைத் தெரியும். ஒரு குழு தொடங்க மூன்று பேர் போதுமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?
– மென்பொருள் பொறியாளர், திண்டுக்கல்

போதும். பெயர், லோகோ, வாட்ஸ்அப் குழு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நாளை முடிவு செய்யுங்கள். சென்னையில் 1998 முதல் இயங்கிவரும் லினக்ஸ் (விண்டோஸ் போன்ற ஒரு இலவச இயங்குதளம்) பயனர் குழு என்றால் இரண்டாம் சனிக்கிழமை, பைத்தான் என்ற நிரல் மொழிக்கான சென்னை பைத்தான் குழு என்றால் நான்காம் சனிக்கிழமை. இந்த மாதம் கூட்டம் உண்டா, எப்போது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாதாமாதம் "எந்தத் தேதி எல்லாருக்கும் வசதி?" என்று வாக்கெடுப்பு நடத்தும் குழு, நான்காவது மாதம் வாக்கெடுப்பை மட்டும் நடத்திக்கொண்டிருக்கும்.

உங்கள் ஊர் அளவுக்கு ஞாயிறு பிற்பகல் 3 முதல் 5 மணி வரை நல்லது. முகூர்த்த நாளாக இருந்தாலும் கல்யாணச் சாப்பாடு முடிந்து வந்துவிடலாம். பழனி, நத்தம், வத்தலகுண்டு பக்கமிருந்து வருகிறவர்களும் இருட்டுவதற்குள் பஸ் ஏறலாம். சனிக்கிழமை வைத்தால் பல கல்லூரிகளுக்கு அன்று வகுப்பு இருக்கும். எந்த நாளானாலும் மூன்று மாதத் தேதிகளை ஒன்றாக அறிவியுங்கள். தீபாவளி, பொங்கலையொட்டி வரும் மாதத்தில் மட்டும் முன்கூட்டியே சொல்லி ஒரு வாரம் தள்ளலாம்.

இடத்துக்கு மாவட்ட மைய நூலகத்தை முதலில் பாருங்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, நாள், நேரம், எத்தனை பேர், கட்டணம் இல்லை என்ற நான்கையும் தெளிவாகச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் ஞாயிறன்று சும்மா கிடக்கும் டியூஷன் சென்டர். கல்லூரி அரங்கம் மூன்றாவது தேர்வுதான். அங்கே வாசலிலேயே வெளியாட்களை நிறுத்துவார்கள், முதல்வர் மாறினால் அனுமதியும் மாறும், கொஞ்ச நாளில் அது கல்லூரி நிகழ்ச்சியாகவே ஆகிவிடும்.

நாற்காலி 15 போதும். 60 நாற்காலியில் 12 பேர் உட்கார்ந்தால் யாருமே வரவில்லை என்று தோன்றும். அதே 12 பேர் 15 நாற்காலியில் உட்கார்ந்தால் அறை நிறைந்த மாதிரி இருக்கும். 30 நிமிடப் பேச்சு ஒன்று, கேள்விக்கு 10 நிமிடம், டீ 25 நிமிடம், பிறகு ஆளுக்கு 5 நிமிடமாக மூன்று நான்கு குட்டிப் பேச்சுகள். டீ நேரத்தைக் குறைக்காதீர்கள். "எங்க ஆபீஸிலும் இதே பிரச்சினைதான்" என்று இரண்டு பேர் பேசத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். முதல் மாதம் 14 பேர் வந்து மூன்றாவது மாதம் 5 பேர் வந்தால் கலங்க வேண்டாம். அநேகமாக எல்லாக் குழுக்களுக்கும் அப்படித்தான் நடக்கும். அந்த 5 பேர்தான் உங்கள் குழு.

200 பேர் பதிவு செய்தார்கள், வந்தது 45 பேர். 150 சாப்பாட்டுப் பொட்டலம் வீணாகிவிட்டது. எங்கே தவறினோம்?
– கணினித் துறை விரிவுரையாளர், கும்பகோணம்

கட்டணமில்லாத நிகழ்ச்சிக்குப் பதிவு செய்கிறவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள் வருவது சகஜம். பதிவு எண்ணிக்கையை வைத்துச் சாப்பாடு சொல்லக் கூடாது. இரண்டு நாள் முன்பு "வருகிறீர்களா?" என்று ஒரு முறை கேளுங்கள். ஆம் என்றவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். மாதாந்தரக் கூட்டத்துக்குச் சாப்பாடே தேவையில்லை, டீயும் வடையும் போதும். வந்தவர்களை வாசலில் ஒரு நோட்டில் பெயர் எழுதச் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, இரண்டாவது முறையாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எண்ணுவது முக்கியம். அந்த எண் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பைத்தான் பயிற்சி முகாம் நடத்தினோம். 40 மாணவர்கள், முழு நாள். மதியம் வரை இன்ஸ்டால் செய்வதிலேயே போய்விட்டது. இணையம் படுத்துவிட்டது. அடுத்த முறை என்ன செய்ய?
– மாணவர் குழு ஒருங்கிணைப்பாளர், நாமக்கல்

பயிற்சி முகாம்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். பைத்தான், ஒரு எடிட்டர், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், பாண்டாஸ் போன்ற நூலகங்கள் (தயார்நிலை நிரல் தொகுப்புகள்) எல்லாம் சேர்த்து ஆளுக்கு 400 எம்பி என்று வைத்தால் 40 பேருக்கு 16 ஜிபி. 50 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 43 நிமிடம் ஆகும். முழு வேகத்தில் ஓடாது. வீட்டு ரவுட்டர் ஒன்றில் 40 லேப்டாப்பும் 40 செல்போனும் ஏறினால், வேகம் குறைவதற்கு முன்பே இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஆகவே முகாமன்று யாரும் எதையும் டவுன்லோடு செய்யத் தேவையில்லாதபடி திட்டமிடுங்கள்.

நான்கு நாள் முன்பு இன்ஸ்டால் குறிப்பை அனுப்பி, பைத்தான் பதிப்பு எண் திரையில் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவர்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவர்களை முகாம் நாளில் 45 நிமிடம் முன்னதாக வரச் சொல்ல வேண்டும்.

அவர்களுக்காக எல்லாக் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் சேர்த்து வையுங்கள். இதில் வழக்கமாக நேரும் பிழைகள் உண்டு. பைத்தான் நூலகங்களின் 'வீல்' எனப்படும் நிறுவல் கோப்பு, பைத்தான் பதிப்புக்கும் இயங்குதளத்துக்கும் தகுந்தபடி மாறும். உங்கள் லினக்ஸ் லேப்டாப்பில் இறக்கிய பாண்டாஸ் அவர்களின் விண்டோஸில் ஏறாது. ஆகவே எல்லாரும் போட வேண்டிய பைத்தான் பதிப்பை ஒன்றே ஒன்றாக நிர்ணயித்து, அதற்குரிய விண்டோஸ், லினக்ஸ், மேக் வீல்களைத் தனித்தனிக் கோப்புறையில் வையுங்கள். நூலகங்களை ஏற்றும் 'பிப்' கட்டளையின் 'டவுன்லோடு' வசதி இதற்காகவே இருக்கிறது. ஏற்றும்போது, இணையத்தைத் தேடாமல் இந்தக் கோப்புறையில் மட்டும் பார் என்று சொல்லும் தெரிவுகளோடு பிப்பை ஓட்டச் சொல்லிக்கொடுங்கள். விண்டோஸ் 7 இருக்கும் பழைய லேப்டாப் குறைந்தது இரண்டு வரும். பைத்தான் 3.8-தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு, 3.9 ஏறாது. அந்த மாணவரைப் புது லேப்டாப் வைத்திருக்கும் இன்னொருவர் பக்கத்தில் உட்கார வைப்பதே நல்லது.

பென்டிரைவில் கொடுப்பதானால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய ஃபேட்32-வில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. லினக்ஸை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பைக் கொடுக்கும்போது பலரும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பத்து லேப்டாப் சுற்றி வந்த பென்டிரைவ் வைரஸோடு திரும்பும் என்பதால் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. இணைய இணைப்பே இல்லாத ஒரு தனி ரவுட்டரை நடுவில் வைத்து, உங்கள் லேப்டாப்பில் பைத்தானோடு வரும் சிறிய வெப் சர்வரை ஓட்டுங்கள். வழக்கமாக அது 8000 எண் போர்ட்டில் (கணினியின் இணைப்பு வாசல்) ஓடும். முகவரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் எல்லாரும் பிரவுசரில் திறந்து எடுத்துக்கொள்வார்கள். விண்டோஸ் ஃபயர்வால் முதல் முறை அனுமதி கேட்கும், கவனிக்காமல் மூடிவிட்டால் யாருக்கும் திறக்காது. கல்லூரி வைஃபையிலேயே இதைச் செய்யலாமே என்று நினைக்காதீர்கள். அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பெரும்பாலும் தடுத்து வைத்திருப்பார்கள்.

கல்லூரி இணையத்தில் இன்னும் இரண்டு மறைவான சிக்கல்கள். எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறைக்கான 22-ஆம் போர்ட்டை மூடியிருப்பார்கள், அதனால் அந்த வழியில் கிட்ஹப்புக்கு (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) நிரலை அனுப்ப முடியாது. கிட்ஹப் 443-ஆம் போர்ட் வழியாகவும் எஸ்எஸ்எச்சை ஏற்கிறது, அமைப்புக் கோப்பில் அதற்கான மூன்று வரியை முன்கூட்டியே எழுதி வைத்துக் கொடுங்கள். இரண்டாவது, அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் வெளியே ஒரே ஐபி முகவரியாகத்தான் தெரிவார்கள். கிட்ஹப் ஏபிஐயை (நிரல்கள் அந்தத் தளத்திடம் தகவல் கேட்கும் வழி) லாகின் இல்லாமல் ஒரு ஐபியிலிருந்து மணிக்கு 60 முறைதான் கேட்கலாம். 40 பேர் ஆளுக்கு இரண்டு முறை ஓட்டினால் பாதியிலேயே நின்றுவிடும், மாணவர்கள் தங்கள் நிரல் தப்பு என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். மென்பொருள் தொகுப்புகளை இறக்கும் டாக்கர் ஹப் தளத்திலும் லாகின் இல்லாதவர்களுக்கு இதே போன்ற ஐபி வரம்பு உண்டு. கணக்குகளையும் டோக்கன்களையும் (கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவிகள்) வீட்டிலேயே எடுத்து வரச் சொல்லுங்கள்.

மின்சாரமும் கணக்குதான். லேப்டாப் ஒன்றுக்கு 65 வாட் என்றால் 40-க்கு 2600 வாட். சுவரில் இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட் ஒன்று தாங்குவது ஏறக்குறைய 1380 வாட். ஒரே சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மேல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுக்கொண்டே போனால் எம்சிபி (சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும், அல்லது வயர் சூடேறும். குறைந்தது நான்கு சாக்கெட்டுகளுக்குப் பிரியுங்கள். அவை தனித்தனி எம்சிபியில் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் முந்தின நாளே கேளுங்கள்.

உதவிக்கு ஆள் எத்தனை? பெண்களுக்கு நிரல் எழுதக் கற்றுத்தர 2014-இல் பெர்லினில் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் முகாம்களில் மூன்று பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது வழக்கம். நம் ஊரில் அவ்வளவு பேர் கிடைக்காமல் போகலாம். ஆறு பேருக்கு ஒருவருக்கும் குறைந்தால் மாணவர் எண்ணிக்கையைக் குறையுங்கள். 40 பேருக்கு ஒரே ஆள் மேடையில் நின்று சொல்லிக்கொடுப்பது வகுப்புதான். விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகவே பயிற்சி கொடுத்துவருகிறது. முடிந்தால் அவர்களுடைய வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் ஊரில் பேச ஆள் இல்லை. சென்னை, பெங்களூர் ஆட்களை வீடியோவில் பேச வைத்தால் யாரும் கவனிப்பதில்லை. என்ன செய்யலாம்?
– ஃப்ரீலான்ஸ் டெவலப்பர், காரைக்குடி

சுவரில் தெரியும் வீடியோவைப் பார்க்க யாரும் பஸ் ஏறி வர மாட்டார்கள், அதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆள் இல்லை என்று நீங்கள் நினைப்பதற்குக் காரணம், செயற்கை நுண்ணறிவு, கிளவுட் போன்ற பெரிய தலைப்பாகத் தேடுவதுதான். கடைக்கு ஜிஎஸ்டி பில்லிங் எழுதியவர், டாலி தகவலை எக்செலுக்கு மாற்றிக் கொடுப்பவர், பள்ளிக்கு வருகைப் பதிவு செயலி செய்தவர் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களிடம் "ஒரு பேச்சு கொடுங்கள்" என்றால் பயந்து ஓடுவார்கள். "நேற்று எதில் மாட்டினீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள், ஐந்தே நிமிடம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஸ்லைடு வேண்டாம், எடிட்டரைத் திறந்து காட்டினால் போதும். முதல் முறை பேசுகிறவரை முந்தின நாள் மாலை போனில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் பேசியவர்களில் இரண்டொருவர் ஆறு மாதத்தில் அரை மணி நேரம் பேசுவார்கள்.

தமிழ் எழுத்துகள் கணினியில் படும் பாடு, எல்லா ஊரிலும் அறையைக் கட்டிப்போடும் தலைப்பு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேளுங்கள். மூன்று என்று சொல்லாது, ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒவ்வொன்றும் யூனிகோடில் தனித்தனி. அதே சொல்லை, சொல்லெழுத்துகளை மட்டும் பொறுக்கும் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ' ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துகளைத் தேடிப் பிரிக்கும் வடிவக் குறிப்பு) விட்டால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக உடைந்து வரும். பைத்தானின் சொந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை, தனியே கிடைக்கும் 'ரெஜெக்ஸ்' தொகுதி எண்ணும். அடுத்து 'கொடைக்கானல்' என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். 'கொ'வின் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஒருவர் தட்டச்சிட்டது இன்னொருவரின் தேடலில் அகப்படாது. யூனிகோடின் என்எஃப்சி முறையில் சீராக்கிவிட்டு ஒப்பிட்டால் சரியாகும். தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் 160 எழுத்து 70 ஆகச் சுருங்குவதையும் சொல்லுங்கள். பில் அனுப்பும் கடைக்காரருக்கு அதற்காகும் செலவு தெரியும். வானவில், பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலை இன்னும் எத்தனையோ அச்சகங்களில் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்திலேயே மூன்று கூட்டத்துக்குப் பேச்சு இருக்கிறது, கூடவே யாரும் படித்து மாற்றக்கூடிய திறந்த மூல நிரலுக்குப் பங்களிக்க வேலையும் இருக்கிறது.

பேச்சு தமிழிலா, ஆங்கிலத்திலா?
– வாசகர், சேலம்

தமிழில். கலைச்சொல் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், ஸ்லைடும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அறையில் தமிழ் தெரியாத ஒருவர் இருந்தால் அவர் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துச் சுருக்கிச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் முதலாமாண்டு மாணவர் கேள்வி கேட்பதில்லை, அதுதான் பெரிய நஷ்டம்.

இரண்டு கூட்டத்துக்குப் போனேன். 30 பேரில் பெண்கள் நாங்கள் மூன்று பேர். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்ததும் தெரியாத எண்களிலிருந்து "ஹாய்" வரத் தொடங்கியது. நிர்வாகியிடம் சொன்னால் "பிளாக் பண்ணிடுங்க" என்றார். இதை எப்படிச் சரிசெய்வது?
– பரிசோதனைப் பொறியாளர், கோவை

நிர்வாகி சொன்னது தவறு. பிளாக் செய்வது உங்கள் வேலை என்று அவர் முடித்துவிட்டதால், அந்த ஆள் அடுத்த பெண்ணுக்கு "ஹாய்" அனுப்புவார்.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த உடனே உங்கள் எண் எல்லாருக்கும் தெரியும். டெவலப்பர் குழுவுக்கு அது பொருந்தாது. டெலிகிராமில் எண்ணை யாருக்கும் காட்டாதபடி வைக்கலாம், புதிதாக வந்தவர் பழைய உரையாடலையும் படிக்கலாம். வாட்ஸ்அப்தான் வேண்டுமென்றால் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் உறுப்பினர்களுக்கு ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிவதில்லை.

நடத்தை விதி ஒன்று எழுதி ஒவ்வொரு கூட்டத் தொடக்கத்திலும் அரை நிமிடம் வாசிக்க வேண்டும். விதி எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது முக்கியமில்லை. புகாரை யாரிடம் சொல்வது என்று இரண்டு பேரின் பெயரும் எண்ணும் அதில் இருக்க வேண்டும், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். புகார் வந்த அன்றே எழுதி வைத்து, சம்பந்தப்பட்டவரைக் குழுவிலிருந்து நிறுத்தி வைத்து, ஒரு வாரத்துக்குள் முடிவைப் புகார் சொன்னவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் நல்ல பேச்சாளர், பழைய ஆள் என்பதெல்லாம் இதில் வரக் கூடாது. கல்லூரி வளாகத்தில் நடந்ததென்றால் அங்கே உள்புகார்க் குழு சட்டப்படி இருக்கும், அதற்கும் போகலாம்.

நடத்துகிறவர்களுக்கு இன்னும் சில. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று முந்தின நாள் ஒரு பெண் உறுப்பினர் பார்த்துவர வேண்டும். இது சரியாக இல்லாத இடத்துக்கு யாரும் இரண்டாவது முறை வருவதில்லை, காரணத்தையும் சொல்ல மாட்டார்கள். விடுதி மாணவிகளுக்கு வார்டனிடம் காட்ட, நேரமும் இடமும் பொறுப்பாளர் எண்ணும் போட்ட கடிதம் கொடுங்கள். அறிவித்த நேரத்தில் முடியுங்கள். விடுதி கேட் 6 மணிக்கு மூடும்போது 5.40 வரை கேள்வி நேரத்தை இழுப்பது அவர்களை வெளியேற்றுவதற்குச் சமம். பேச்சாளர் பட்டியலில் பெண்கள் பெயர் வரும் வரை அரங்கில் எண்ணிக்கை ஏறாது. முதலில் கேட்க வேண்டியது, ஏற்கெனவே வந்த உங்கள் மூன்று பேரைத்தான்.

சான்றிதழும் டி-ஷர்ட்டும் கொடுத்தால் கூட்டம் வருமே, ஏன் சில குழுக்கள் மறுக்கின்றன?
– மூன்றாமாண்டு மாணவர், ஈரோடு

வரும். எதற்காக வந்ததோ அது கிடைத்ததும் போய்விடும். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் திறந்த மூல நிரலுக்குப் பங்களிப்பதை ஊக்குவிக்க 2014-இல் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில் 2020 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். நான்கு புல் ரிக்வெஸ்ட் (பிறர் நிரலில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றம்) அனுப்பினால் டி-ஷர்ட். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து, ஒரு புள்ளியை நீக்கி ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. சம்பளமில்லாமல் அந்த நிரல்களைப் பராமரிப்பவர்கள் அவற்றை மூடுவதிலேயே நாட்களைச் செலவழித்தார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. சான்றிதழோடு, வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு தரும் 'ஆன் டூட்டி'யும் கொடுத்தால் உங்கள் கூட்டத்திலும் கடைசி வரிசை முழுக்க செல்போன் பார்ப்பவர்களாகத்தான் இருப்பார்கள். நீங்கள் செய்த வேலை கிட்ஹப்பில் உங்கள் பெயரில் தெரிவதைக் காட்டி வேலைக்கு விண்ணப்பிப்பது அந்தச் சான்றிதழைவிடப் பெரிதாக உதவும்.

ஒரு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய முன்வந்திருக்கிறது. பணத்தை என் ஜிபேயில் வாங்கலாமா? குழுவைப் பதிவு செய்ய வேண்டுமா?
– ஒருங்கிணைப்பாளர், மதுரை

உங்கள் ஜிபேயில் வாங்காதீர்கள். இன்று யாரும் கேட்க மாட்டார்கள், இரண்டு வருடம் கழித்து ஒரு சின்னச் சண்டையில் முதலில் வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். டீக்கடைக்கும் அரங்கத்துக்கும் நிறுவனமே நேரடியாகக் கட்டட்டும், பில் அவர்கள் பெயரிலேயே போகட்டும். 25 பேருக்கு டீ, வடை தலைக்கு 30 ரூபாய் என்றால் மாதம் 750 ரூபாய். இதற்கு ஸ்பான்சரே தேவையில்லை, வேலையில் இருக்கும் எட்டுப் பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டால் முடிந்தது. மாணவர்களிடம் வாங்க வேண்டாம். வரவு செலவைக் கூட்டம் முடிந்த இரவே குழுவில் போட்டுவிடுங்கள்.

ஸ்பான்சர் வந்தால் கொடுக்கக்கூடியது தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் பேனரில் பெயரும். கேட்டால் மறுக்க வேண்டியது வந்தவர்களின் போன் எண் பட்டியல். ஆளெடுப்புக்காக அதைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள்.

பதிவு இப்போது வேண்டாம், ஒரு வருடம் நடந்த பிறகு பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிவு செய்துவிட்டால் ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை, வருடா வருடம் பதிவாளருக்கு ஆவணம் என்று வேலை வந்துகொண்டே இருக்கும், விட்டுவிட்டால் அபராதம். பெரிய மாநாடு, வங்கிக் கணக்கு, அரசு உதவி என்ற தேவை வரும்போது செய்யலாம். வெளிநாட்டு அறக்கட்டளைகள் டெவலப்பர் குழுக்களுக்கு உதவித்தொகை தருவதுண்டு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைச் சங்கத்தின் கணக்கில் வாங்கக் கூடாது. உள்நாட்டிலேயே ஃபாஸ் யுனைடெட் போன்ற லாப நோக்கற்ற அமைப்புகள் ஊர்க் கூட்டங்களுக்கும் கல்லூரிக் கிளப்புகளுக்கும் கைகொடுக்கின்றன, முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

எங்களது பல்கலைக்கழக மாணவர் குழு. நன்றாக நடத்துபவர்கள் படிப்பு முடிந்ததும் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறோம். போன வருடம் பழைய டெலிகிராம் குழுவைக்கூட மீட்க முடியவில்லை.
– இறுதியாண்டு மாணவி, யாழ்ப்பாணம்

ஆட்கள் போவதை நிறுத்த முடியாது, சாவிகள் அவர்களோடு போவதை நிறுத்தலாம். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: டொமைன் (இணையதள முகவரி) யார் பெயரில், புதுப்பிக்கும் தேதி என்ன, எந்த மின்னஞ்சலுக்கு நினைவூட்டல் வருகிறது, கிட்ஹப் அமைப்பின் உரிமையாளர் யார், மின்னஞ்சலின் மீட்பு எண் யாருடையது, டெலிகிராம் உரிமையாளர் யார், நிகழ்ச்சிப் பதிவுத் தளத்துக்கு யாருடைய அட்டையில் பணம் போகிறது. ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு பெயர் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே ஆண்டு மாணவராக இருக்கக் கூடாது. கல்லூரி மின்னஞ்சலில் எதையும் திறக்காதீர்கள், பட்டம் வாங்கியதும் அது மூடப்பட்டுவிடலாம்.

டெலிகிராமில் குழு உரிமையை மாற்ற, உரிமையாளரின் கணக்கில் இரண்டடுக்குக் கடவுச்சொல் போட்டு 7 நாள் ஆகியிருக்க வேண்டும், அந்தக் கருவியில் உள்நுழைந்து 24 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். விமானம் ஏறும் அன்று மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் முடியாது. வெளிநாட்டில் எண்ணும் மாறிவிட்டால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். வாட்ஸ்அப்பில் ஒரே நிர்வாகி வெளியேறினால் உறுப்பினரில் யாரோ ஒருவர் தானாகவே நிர்வாகியாகிவிடுவார், அதுவும் நல்லதல்ல.

ஒப்படைப்பை இறுதித் தேர்வுக்கு முன் வைக்காமல், ஒரு அரையாண்டு முன்னால் செய்யுங்கள். அடுத்த ஆண்டுக்காரர் இரண்டு கூட்டங்களைத் தாமே நடத்த, பழையவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அரங்கக் காவலாளியின் எண், புரொஜெக்டருக்கு எந்தக் கேபிள், டீ எங்கே சொல்வது போன்றவை இப்படித்தான் கைமாறும்.

அதோடு, குழுவை வளாகத்துக்கு வெளியே கொஞ்சம் இழுத்து வாருங்கள். ஊரில் வேலை பார்ப்பவர், தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர் என்று இடம்பெயராத மூன்று நான்கு பேர் இருந்தால் தொடர்ச்சி இருக்கும். யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் என்ற தொழில்நுட்ப அமைப்பு இருப்பது உங்களுக்கு வாய்ப்பு, கூட்டத்தை ஒன்றுவிட்டு ஒன்று அவர்களோடு சேர்த்து நடத்திப் பாருங்கள். போனவர்களையும் விடாதீர்கள். திறந்த மூல நிரல் எழுதப் புதியவர்களைச் சேர்க்கும், 2005-இல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரும் எண்ணிக்கையில் இடம்பிடித்தார்கள். விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே வழக்கமாக இருந்தால்தான் அது முடியும். டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் உங்கள் பழைய உறுப்பினரிடம் பணம் கேட்காதீர்கள். இரண்டு மாணவரின் நிரலை மாதம் ஒரு முறை பார்த்துக் கருத்துச் சொல்லும்படி கேளுங்கள்.

மூன்று வருடம் ஓடியது. இப்போது ஆறு பேர்தான் வருகிறோம். நிறுத்திவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

ஆறு பேரும் விரும்பித்தானே வருகிறீர்கள்? அப்படியானால் அரங்கத்தை விடுங்கள், ஒரு டீக்கடைப் பெஞ்சுக்கோ யாராவது ஒருவர் அலுவலகத்துக்கோ மாறுங்கள். பேச்சு வேண்டாம், லேப்டாப்பைத் திறந்து ஆளுக்கொரு பிழையை எல்லாரும் சேர்ந்து பாருங்கள். நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். காஞ்சி லினக்ஸ் குழுவைப் போல ஞாயிறுதோறும் இணையத்தில் கூடுவதும் ஒரு வழி.

நடத்துகிறவர் களைத்துவிட்டார், வேறு யாரும் ஏற்கவில்லை என்றால் மூன்று மாதம் நிறுத்துங்கள். சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். "ஆடி, ஆவணி, புரட்டாசி கூட்டம் இல்லை, ஐப்பசி முதல் ஞாயிறு 3 மணிக்குப் பழைய இடத்தில்" என்று எழுதிப் போடுங்கள். அன்று இரண்டு பேராவது வந்தால் தொடரலாம். ஒருவரும் வராவிட்டால், இதுவரை நடந்த பேச்சுகளின் பட்டியலையும் நிரல்களையும் கிட்ஹப்பில் பொதுவில் வைத்து, மிச்சப் பணத்துக்குக் கணக்கு காட்டி நூலகத்துக்கு இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு மூடுங்கள். டெலிகிராம் குழுவை மட்டும் அழிக்க வேண்டாம். அடுத்து யாராவது தொடங்க நினைத்தால் முதலில் தேடுவது அந்த உறுப்பினர்களைத்தான்.